கொத்தாத கிளி

ஜைனர்களின் எட்டு நாள் விரதமான பர்யூஷண் வந்துவிட்டால் அந்த வீட்டில் அடுப்புக்கு ஓய்வு, வாய்க்கு மட்டும் ஓய்வு கிடையாது. எட்டு நாளும் பட்டினி கிடக்கிறவர்கள், ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள், விரதம் என்று சொல்லிவிட்டு மொட்டை மாடியில் முந்திரி கொறிக்கிறவர்கள் என்று எல்லா ரகமும் அங்கே உண்டு. ஜெய்ப்பூர் ஜோஹரி பஜாரை ஒட்டிய சந்து அது. கீழ்த்தளத்தில் வெள்ளை மெத்தை விரித்து மரகத வியாபாரம் செய்கிற அண்ணன் தம்பிகள் டேக்சந்தும் பூரண்மல்லும். மாடியில் அண்ணன் மனைவி உம்ராவ், தம்பி மனைவி ஜதன். ஓர்ப்படிகள் இருவரும் ஒரே சமையலறையில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியும் ஒரு சண்டை வெளியே கேட்டதில்லை. சந்தில் இருந்த மாமியார்கள் தங்கள் மருமகள்களைத் திட்டும்போது அந்த இருவரையும்தான் உதாரணம் காட்டுவார்கள். மருமகள்களுக்கு அதனாலேயே இருவரையும் பிடிக்காது.

ஐந்தாம் நாள் மகாவீரர் பிறப்பை வாசிப்பார்கள். அன்று பட்டும் நகையும் வெளியே வரும். உம்ராவ் அலமாரியைத் திறந்து சிவப்புத் துணியில் பொதிந்து வைத்திருந்த திமணியாவை எடுத்தாள். அவள் அம்மா போட்டது, அம்மாவின் அம்மா போட்டது. தொண்டையோடு ஒட்டிக் கிடக்கும் மூன்று தங்கத் தகடுகள், இரு பக்கமும் முத்துச்சரம், பின்கழுத்தில் முடிச்சுப் போடப் பட்டுக்கயிறு. முன்பக்கம் பட்டை தீட்டாத வைரம். பின்பக்கம் முழுக்க எனாமல்.

வைரத்தை ஊரே பார்க்கும். எனாமலைப் போட்டுக்கொள்கிறவளின் தோல் மட்டும்தான் பார்க்கும். அப்படியிருந்தும் செய்தவன் ஆசை தீர வேலை செய்திருந்தது அந்தப் பின்பக்கத்தில்தான். பால் வெள்ளையில் சிவப்புப் பூக்கள், நடுத்தகட்டில் ஒரு பச்சைக் கிளி. அந்தக் கிளி தன் தொண்டைக்குழியில் உட்கார்ந்திருப்பது யாருக்கும் தெரியாது என்பதில் உம்ராவுக்கு ஐம்பது வயதுக்கு மேலும் ஒரு சின்னத் திமிர் உண்டு.

கயிறு கட்ட ஜதன் வந்தாள். அது எப்போதும் அவள் வேலை. உம்ராவை அவள் ஜீஜீ, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள்.

"குனிங்க ஜீஜீ. வயசாக ஆக உங்களுக்குக் கழுத்து குட்டையாயிட்டே போகுது."

"கழுத்து அப்படியேதான் இருக்கு. நடுவுல சதை வந்து உக்காந்துக்கிச்சு. நீ இறுக்காம கட்டு."

ஜதன் முடிச்சைப் போட்டாள். உம்ராவ் வழக்கம்போலச் சொன்னாள்: "உன் கிளி கொத்துது ஜதன்."

"ஒரே ஒரு தடவ கீழ போட்டேன். ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவீங்களா?" என்று ஜதனும் வழக்கம்போலச் சொன்னாள்.

இது வருஷக்கணக்காக நடக்கிற பேச்சு. ஜதன் கல்யாணமாகி வந்த முதல் தீஜ் பண்டிகையில், ஓர்ப்படிக்குத் திமணியா கட்டிவிடுகிறேன் என்று வாங்கிக் கை நழுவிக் கல்படியில் போட்டுவிட்டாள். கிளியின் கழுத்தில் ஓர் அரிசி அளவுக்குப் பச்சை தெறித்துப் போய்விட்டது. மாமியார் அப்போது உயிரோடு இருந்தாள். ஒரு கரண்டி நெய் கூடுதலாகப் போனாலே பிறந்த வீட்டைச் சந்திக்கு இழுக்கிற மாமியார். புதுப்பெண் உதடு வெளுத்து நின்றாள். உம்ராவ் சிதறிய பச்சைத் துணுக்குகளை ஈர விரலால் ஒற்றியெடுத்து ஜன்னலுக்கு வெளியே உதறினாள். "பின்பக்கம்தான? எவ பார்க்கப் போறா? கண்ணத் தொடை" என்றாள். அதைச் சரி செய்யவும் வழியில்லை. எனாமல் பிடிக்க வேண்டுமென்றால் மறுபடி நெருப்புக்குப் போக வேண்டும். கல்லுக்கு அடியில் இருப்பது அரக்கு. நெருப்புக்குப் போனால் வைரமெல்லாம் கழன்று கையோடு வந்துவிடும். ஆகவே அந்தப் பள்ளம் அப்படியே நின்றது. அதன் ஓரம் உடைந்த கண்ணாடிபோல் கூராக இருந்ததால், போடும்போதெல்லாம் உம்ராவின் தொண்டையில் லேசாகக் குத்தும். மாமியாருக்குச் சொல்லவில்லை, புருஷன்மாருக்கும் சொல்லவில்லை. இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் நம்ப ஆரம்பித்தது அந்தப் படியில்தான்.

ஜைனத் துறவிகள் தங்கும் உபாசரா மண்டபத்தில் கூட்டம் நெரிந்தது. மகாவீரரின் தாய் கண்ட கனவுகளை வெள்ளியில் செய்து, யானை, காளை, சிங்கம் என்று ஒவ்வொன்றாகக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். உம்ராவ் அண்ணாந்து பார்த்தாள், பிறகு குனிந்து கும்பிட்டாள். குனியும்போதுதான் நன்றாகக் குத்தும். குத்தவில்லை. மோவாயை அழுத்திப் பார்த்தாள். எச்சில் விழுங்கிப் பார்த்தாள். திமணியா பட்டுத்துணி மாதிரி வழுக்கிக்கொண்டு கிடந்தது.

யோசித்தால், காலையில் கட்டியபோதும் குத்தவில்லை. வாய்ப் பழக்கத்தில் சொல்லியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கழற்றித் திருப்பினாள். பூக்கள் இருந்தன. கிளி இருந்தது. கிளியின் கழுத்தில் பச்சை இல்லாத இடமும் இருந்தது. அப்பாடா என்று மூச்சு வந்தது. தோல் தடித்துப்போய்விட்டது, கிழவியாகிவிட்டேன் என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டு, சும்மா அந்த இடத்தில் நகத்தை வைத்தாள்.

பள்ளம் இல்லை. கூர் இல்லை. நகம் வழுக்கிக்கொண்டு போயிற்று. எனாமல் உடைந்து விழுந்த இடம் அல்ல அது. எனாமல் வைக்கவே வைக்காமல் விட்ட தங்கம். உம்ராவ் அதே ஜோடியைச் சேர்ந்த காதுத் தோட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். கல் வியாபாரி வீட்டில் முப்பது வருஷம் சாதம் வடித்தவள். தோட்டில் இருந்தது வைரம். திமணியாவில் இருந்தது கண்ணாடி.

புருஷனைக் கூப்பிடலாமா என்று நினைத்தாள். ஆண்கள் காதுக்குப் போனால் கீழ்த்தளம் வரை நாறும். அதுவுமில்லாமல், யார் என்ற கேள்வி வரும். மனசு ஏற்கனவே ஓர் ஆளைப் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. கடைசியாகத் திமணியாவைப் போட்டது மருமகள் வினீதா. வெயில் தொடங்கும் சமயம், தன் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு அஜ்மீர் கொண்டுபோனாள். மாமியார் மனசு என்பது இப்படித்தான். வீட்டில் ஒரு டம்ளர் காணாமல் போனாலும் முதலில் மருமகள் முகத்தில்தான் போய் நிற்கும்.

ஜதனிடம் மட்டும் சொன்னாள். வேறு யாரிடம் சொல்வாள்?

ஜதன் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கிளி இருக்கே ஜீஜீ. அந்த எடமும் இருக்கே. கண்ணு ஆபரேஷன் ஆனதுலேருந்து உங்களுக்கு எல்லாமே வேற மாதிரி தெரியுது."

"கண்ண விடு. கழுத்துக்கு என்ன ஆபரேஷனா ஆச்சு? இது நம்மளது இல்ல ஜதன்."

ஜதன் அதைத் திருப்பிக் கொடுத்தாள். "கடைசியா யாரு போட்டா?"

"வினீதா."

"நான் ஒண்ணும் சொல்லல. சின்னப் பொண்ணு. அவ அண்ணன் கடைய இழுத்து மூடிட்டான்னு ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லாம இருக்கலாம். நான் ஒண்ணும் சொல்லல ஜீஜீ." ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்லியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, விரதக்காரர்களுக்கு வெந்நீர் ஆற்றப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வினீதா என்ன செய்தாலும் உம்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் கொண்டுவந்தால் "வெச்சுட்டுப் போ." கால் பிடித்துவிடட்டுமா என்றால் "எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு." அந்தப் பெண் தாங்க முடியாமல் கேட்டேவிட்டாள்.

"மம்மிஜி, நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"அத நீதான் சொல்லணும்."

வினீதாவின் கண் நிறைந்துவிட்டது. திருடிக்கு நடிப்பும் வருகிறது என்று உம்ராவ் மனசுக்குள் கறுவினாள்.

மறுநாள் மத்தியானம் உம்ராவ் மூக்குக்கண்ணாடியைத் தேடினாள். ஒரு பக்கக் காது உடைந்து, நூல் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்த கண்ணாடி. அது ஜன்னலோரம் புதுக் காதோடு இருந்தது.

"நான்தான் குடுத்து மாத்தினேன் மம்மிஜி. கோவிச்சுக்காதீங்க. உடைஞ்சது எதப் பார்த்தாலும் எனக்குக் கை சும்மா இருக்காது" என்று கதவோரம் நின்று வினீதா சொன்னாள். அது உண்மைதான். வந்த ஒரே வருஷத்தில் விளிம்பு போன கிண்ணம், கால் ஆடின மணை, கொக்கி போன ஜன்னல் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டாள். உம்ராவ் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இந்தப் பெண் திமணியாவைக் கொடுத்து இன்னொன்று செய்யச் சொல்லியிருந்தால், கிளி முழுசாக வந்திருக்கும். இவள் என்றில்லை, யார் கொடுத்தாலும் முழுசாகத்தான் வந்திருக்கும். புதுத் தகட்டில் எனாமல் வேலை செய்கிற எந்த மீனாக்காரன் கிளிக்குக் கழுத்தில் ஓட்டை வைப்பான்? பழசில் உடைந்திருப்பதைப் பார்த்தால் பாவமென்று புதுசில் நிரப்பித்தான் கொடுப்பான். இந்த இடத்தை மட்டும் வெறுமையாக விடு, இதைத்தான் அவள் திருப்பிப் பார்ப்பாள் என்று யாரோ எதிரில் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டுமென்றால் அந்த ஓட்டையின் கதை தெரிந்திருக்க வேண்டும். கதை தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அதில் ஒருத்தி அவளே.

பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. போன மாசி மாதம் கண் ஆபரேஷன். சாவிக்கொத்து ஜதன் இடுப்பில் இருந்தது. அதே மாதம் ஜதனின் மகள் கனக்கின் கல்யாணம். "கூட்டத்துல திமணியா வேணாம் ஜீஜீ, கண்ணுல கட்டோட இருக்கீங்க, எவளாவது இழுத்துட்டுப் போயிருவா" என்று ஜதன் சொன்னாள். எவ்வளவு அக்கறை என்று உம்ராவ் அன்று உருகிப்போனாள்.

கனக். உம்ராவுக்குப் பெண் இல்லை. கனக் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து திமணியாவைத் திருப்பிக் கிளியைக் காட்டி, "இது யாருக்கு? என் கனக்குக்கு" என்று எத்தனை தடவை கொஞ்சியிருக்கிறாள். மகனுக்குக் கல்யாணமாகி வினீதாவின் முகம் பார்க்கும் சடங்கு நடந்த அன்று, டேக்சந்த் எல்லோர் முன்னாலும் திமணியா மருமகளுக்கு என்று சொல்லிவிட்டார். உம்ராவ் மறுத்துப் பேசவில்லை. கனக்கின் பெயர் அன்று யார் வாயிலும் வரவில்லை. ஜதன் சிரித்துக்கொண்டே தானே எழுந்து வினீதாவின் கழுத்தில் கட்டிவிட்டாள். அந்தச் சிரிப்புக்கு உள்ளே என்ன இருந்தது என்று உம்ராவ் திரும்பிப் பார்க்கவில்லை.

அது ஒரு குறைதான். ஒத்துக்கொண்டாள். ஆனால் அதையெல்லாம் தாண்டி இன்னொன்று இருந்தது. ஐந்தாம் நாள் காலை, உன் கிளி கொத்துது என்று அவள் சொன்னபோது, அது கொத்தவே முடியாது என்று ஜதனுக்குத் தெரியும். தெரிந்தும், ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவீங்களா என்று குரல் மாறாமல் பதில் சொன்னாள். கேட்டதும் பிசிறில்லாமல் வந்தது பதில். திருட்டைக்கூட மன்னித்துவிடலாம் போலிருந்தது. அந்தப் பதிலை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் சம்வத்சரி. செய்த பிழைகளை நினைத்து வருந்தும் பிரதிக்கிரமண வழிபாடு முடிந்து எல்லோரும் முற்றத்தில் கூடினார்கள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்கிற நேரம். இன்ன தப்பு என்று யாரும் சொல்வதில்லை; யாரும் கேட்பதும் இல்லை. கை கூப்பி, "மிச்சாமி துக்கடம்" என்றால் எதிராளியும் அதையே சொல்ல வேண்டும். வருஷத்துக் கணக்கு அதோடு தீர்ந்தது. முந்திரி கொறித்தவர்கள்கூடக் கண்ணில் நீரோடு கேட்டுக்கொள்வார்கள்.

வினீதா வந்து காலைத் தொட்டாள். உம்ராவ் அவளை எழுப்பி, அவள் கையையே பிடித்துக்கொண்டாள்.

"நீ கேக்காத. நான்தான் கேக்கணும். உன்னப் பத்தி ஒரு தப்பான நெனப்பு நெனச்சேன். மனசறிஞ்சு நெனச்சேன். மன்னிச்சுரு."

மருமகளுக்கு ஒன்றும் புரியவில்லை. அழுதுவிட்டாள். டேக்சந்த் தொண்டையைச் செருமினார். மாமியார் ஒருத்தி மருமகளிடம் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு அந்த முற்றம் பார்த்ததில்லை. அடுத்து நின்ற ஜதன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் முன்னால் வந்து குனிந்தாள். "ஜீஜீ, தெரிஞ்சோ தெரியாமலோ நான் செஞ்ச பிழைக்கெல்லாம் மிச்சாமி துக்கடம்."

உம்ராவ் கை கூப்பினாள். "தெரியாமச் செஞ்சதையெல்லாம் மன்னிச்சுட்டேன் ஜதன்."

அவ்வளவோடு நிறுத்திக்கொண்டாள். மற்றவர்களுக்கு அது விரதக் களைப்பில் பாதியில் நின்ற பேச்சு. ஜதன் மட்டும் குனிந்தது குனிந்தபடி நின்றாள். எழுந்திருக்க அவளுக்கு நேரமாயிற்று.

காலையில் விரதம் முடிக்கிற பாசிப்பயறு நீரோடு ஜதன்தான் அறைக்கு வந்தாள். ஒவ்வொரு வருஷமும் முதல் வாயை ஒருத்திக்கு ஒருத்தி கொடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். கிண்ணத்தை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"கனக்குக்குத்தான் குடுத்தேன். விக்கல. பியாவர்ல, புருஷன் வீட்டுல, அவ பெட்டியில இருக்கு. நீங்க குடுத்தனுப்பினதாத்தான் அவகிட்ட சொல்லியிருக்கேன்."

"அதான் கல்யாணத்தன்னிக்கு என் கால்ல விழுந்து அப்படி அழுதாளா? என்னத்துக்கு இந்தப் பொண்ணு இவ்வளவு அழுவுதுன்னு நெனச்சேன்."

"நீங்க சொன்ன சொல்லுதான ஜீஜீ. அவ பதினெட்டு வருஷம் அதக் கேட்டு வளந்தா. ஒரே நாள்ல, அவ முன்னாடியே, எங்கிருந்தோ வந்தவளுக்குன்னு ஆயிருச்சு. நீங்க வாயத் தொறக்கல."

"தொறக்கல. என் தப்புதான். நீ வந்து கேட்டிருந்தா அன்னிக்கே அவர்கிட்ட மல்லுக்கு நின்னு வாங்கிக் குடுத்திருப்பேன்."

"கேட்டு வாங்கறதா அது? நீங்களா நெனச்சுக்கணும்னு காத்துக்கிட்டு இருந்தேன்."

உம்ராவ் கண்ணாடித் திமணியாவை எடுத்து மடியில் திருப்பி வைத்தாள். கிளி மேலே பார்த்தது.

"எடுத்ததக்கூட விடு. அந்த எடத்த ஏன் வெறுமையா விடச் சொன்ன?"

ஜதன் குனிந்துகொண்டாள்.

"கிளிய முழுசா செஞ்சு வெச்சிருந்தா, எவனோ திருடிட்டான்னு நெனச்சிருப்பேன். உன்ன நெனச்சே பார்த்திருக்க மாட்டேன். நான் உனக்காக மறைச்ச எடம் ஜதன் அது. அதவெச்சே என்ன ஏமாத்தலாம்னு உனக்குத் தோணிச்சு பாரு. முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் கடையில உக்காந்து, எங்க ஜீஜீ இங்கதான் பார்ப்பாங்கன்னு சொன்னியா? சிரிச்சுக்கிட்டே சொன்னியா? அப்புறம் வினீதாவ வேற காட்டிவிட்ட."

"திருப்பிக் கொண்டாந்துடறேன். இன்னிக்கே பஸ் ஏறிப் பியாவர் போறேன்."

"போய் என்ன சொல்லுவ? உங்கம்மா திருடின்னா? அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு? அது அங்கயே இருக்கட்டும். நான் குடுத்ததாவே இருக்கட்டும்." உம்ராவ் மடியில் கிடந்த திமணியாவைக் கையில் எடுத்தாள். "வினீதாவுக்குத்தான் பதில் இல்ல. நான் இருக்கிறவரைக்கும் இத நானே போட்டுக்கறேன், ஒருத்திக்கும் தெரியாது. நான் போனப்புறம் இது அவளுக்கு வரும். அன்னிக்கு நீதான் கட்டிவிடணும், மொதல்ல கட்டின மாதிரியே. என்ன சொல்லிக் கட்டுவன்னு இப்பவே யோசிச்சு வை."

ஜதன் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். உம்ராவும் அழுதாள். இருவருக்கும் நடுவில் கிண்ணம் ஆறிக்கொண்டிருந்தது.

கீழே பேண்டு வாத்தியம் கேட்டது. விரதக்காரர்களை ஊர்வலமாக அழைத்துப் போக வந்துவிட்டார்கள். "மம்மிஜி, ரெடியா?" என்று படியில் இருந்து வினீதா கூப்பிட்டாள்.

உம்ராவ் எழுந்து, முகத்தைத் துடைத்து, கண்ணாடி முன் நின்று திமணியாவைத் தொண்டையில் வைத்துக்கொண்டாள். கயிற்றின் இரண்டு முனைகளையும் பிடித்துக் கைகளைப் பின்னால் கொண்டுபோனாள். தோள் வலித்தது. முடிச்சு விழவில்லை. நழுவியது, மறுபடி பிடித்தாள். பின்னால் ஜதன் எழுந்து வந்து, பழக்கத்தில் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"வேணாம்" என்றாள் உம்ராவ்.

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. உம்ராவ் பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவழியாக முடிச்சைப் போட்டாள். நடுத்தகடு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைச் சரி செய்யாமலே படி இறங்கிப் போனாள்.